அக்கா கொடுத்தது

சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டே அக்கா டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். "எந்தக் கைன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். நான் ரெடி."

"முதல்ல உக்காருங்கம்மா" என்றார் டாக்டர்.

அக்கா உட்காரவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துணிக்கடையில் ஆல்ட்டரேஷனுக்கு வந்த பேண்ட்டில் ஒரு காலை மட்டும் குட்டையாக வெட்டிவிட்டு, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

முன்பே வந்து உட்கார்ந்திருந்த தம்பி சிரித்தான். கட்டியை வெட்டி எடுத்த இடத்தில், கழுத்தில் ஒரு பிளாஸ்திரி. "அவ உக்கார மாட்டா டாக்டர். அவ மஜ்ஜை ஏறினதுலருந்து நானும் இப்படித்தான். ஒரு இடத்துல நிக்க முடியல, வாயும் நீண்டுபோச்சு."

"டேய், சும்மா இருடா."

ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது, பொருந்தியது அக்காவின் மஜ்ஜைதான். கையில் ஊசி ஏற்றி ரத்தத்திலிருந்தே மஜ்ஜை செல்லைப் பிரித்தெடுத்தார்கள்; கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தாள். பிழைத்து எழுந்தவன் கல்யாணம் செய்து, ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவும் ஆகிவிட்டான்.

போன மாதம்தான் கழுத்தில் கட்டி வந்தது. லிம்போமா, நிணநீர் முடிச்சில் வரும் புற்றுநோய் என்றார்கள். பழைய நோய்தான் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது என்று அக்கா தானாகவே முடிவு கட்டிவிட்டாள். போன வாரம் ஒப்பிட்டுப் பார்க்க அவளிடமும் ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் மஜ்ஜை கேட்கப்போகிறார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அவளும் இந்த ஒரு மாதமாக அவளாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் தலையணை நனைகிற அளவுக்கு வியர்த்தது. போட்டிருக்கும் இந்தச் சட்டையையே இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டாள், இன்னும் தொளதொளத்தது. "தம்பியை நெனச்சே துரும்பா இளைச்சிட்டீங்களே அண்ணி" என்று தம்பி பெண்டாட்டி தினமும் புலம்பினாள்.

"இது பழைய நோய் இல்லம்மா" என்றார் டாக்டர்.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா!" என்று அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.

"கட்டியில இருந்த செல்லை லேப்ல மரபணு வரைக்கும் பிரிச்சுப் பாத்தோம். தையலைப் பாத்தா யார் தைச்சதுன்னு நீங்க சொல்லிடுவீங்கல்ல? செல்லுக்கும் அப்படி ஒரு அடையாளம் உண்டு." டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தக் கட்டி தம்பியோட செல்லே இல்ல. அன்னிக்கு நீங்க குடுத்த மஜ்ஜையிலருந்து வளந்தது."

தம்பியின் சிரிப்பு நின்றுபோனது.

"என்னோடதா?" அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "தம்பிக்கு உயிர் குடுத்தவன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே. கடைசியில நோயைத்தான் குடுத்தேனா?"

"லூசு மாதிரி பேசாதக்கா. நீ குடுக்கலன்னா என் பொண்ணே இல்ல."

"யார் மேலயும் தப்பு இல்லம்மா. அன்னிக்கு இருந்த டெஸ்ட்ல இதெல்லாம் தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். "இது மெதுவா வளர்ற ரகம். தம்பிக்கு மருந்து இருக்கு, பாத்துக்கலாம்."

அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. இனி இந்த ரத்தத்தை யார் தொடுவார்கள் என்றிருந்தது அவளுக்கு. குனிந்த தலை நிமிராமல், சுருட்டிவிட்ட சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட ஆரம்பித்தாள்.

டாக்டர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"இறக்காதீங்கம்மா. அதே நோய் செல் உங்க ரத்தத்துலயும் இருக்கு."