செவலையப்பன் வாங்கிய துப்பாக்கி

"மெதுவாப் பேசுய்யா" என்றான் லொபேயோக். அவன் மடியில் துப்பாக்கி. முதுகுக்குப் பின்னால் மாட்டுப்பட்டி. ஆள் உயரத்துக்கு முள் அடைத்து, வாசலையும் முள்ளாலேயே மூடியிருந்தான். பொழுது இன்னும் முழுதாக விடியவில்லை.

எக்கிரு குரலைத் தாழ்த்திக்கொண்டான். சேக்காளியின் மாடுகளை மிரளவைக்க அவனுக்கு என்ன வேண்டுதலா?

மழை விழுந்ததும் மலை மேய்ச்சலிலிருந்து தன் மாடுகளோடு நேற்றுதான் இறங்கியிருந்தான். இறங்கியதும் அந்தச் சேதியைக் கேட்டான். கென்ய எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கூட்டம் ஒவ்வொரு பட்டியாகப் புகுந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறது. தடுக்கப் போன பக்கத்துப் பட்டிக்காரன் லொக்குவாமைச் சுட்டுப் போட்டிருக்கிறது. மறுநாள் போலீஸ் லாரி வந்து, மணலில் டயர்த் தடம் பதித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

லொபேயோக்கின் பட்டியை மட்டும் யாரும் தொடவில்லையாம். அவனிடம்தான் துப்பாக்கி இருக்கிறதே என்றார்கள் வழியில் பார்த்தவர்கள்.

"நல்ல நேரத்துல வந்தே, செவலையப்பா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்."

துர்க்கானா இனத்தானுக்கு அவன் காளையின் பெயர்தான் மரியாதைப் பெயர். எக்கிருவின் காளை செவலை. லொபேயோக்குடையது மயிலை.

"நீ அப்புறம் கேளு, மயிலையப்பா. முதல்ல நான் கேக்குறேன். இந்தத் துப்பாக்கி வந்ததுக்கப்புறம் உன் பட்டியிலேருந்து ஒரு மாடாவது களவு போயிருக்கா?"

லொபேயோக் துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு பட்டியைப் பார்த்தான். "ஒண்ணுகூடப் போகல."

"கன்னுக்குட்டி?"

"அதுவும் போகல."

அவன் மனைவி நாவோய் டீ கொண்டுவந்தாள். எக்கிரு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். வெறும் கறுப்புத் தண்ணீர். "என்ன தங்கச்சி, பாலையே காணோம்?"

அவள் வாயைத் திறக்குமுன் புருஷன் முந்திக்கொண்டான். "காவல் இருக்கிறவன் கறுப்பு டீதான்யா குடிக்கணும். பால் குடிச்சா கண்ணைச் சொக்கும்."

நாவோய் அவனை ஒரு முறை முறைத்துவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டாள். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு எவ்வளவு கட்டுப்பாடு என்று எக்கிரு வியந்துபோனான்.

"நானும் ஒண்ணு வாங்கட்டுமா? ஒரே வார்த்தையில சொல்லு."

"வாங்கினவன்கிட்டயே வந்து கேட்டா, அவன் என்னத்தய்யா சொல்லுவான்?"

"அது போதும்" என்று எக்கிரு எழுந்துவிட்டான்.

"இருய்யா, நான் கேக்க வந்ததை..."

"சாயங்காலம் வரேன், அப்பக் கேளு!"

துப்பாக்கி வியாபாரி வேலமரத்தடியில் கடை விரித்திருந்தான். எக்கிருவின் மாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்து பல்லைப் பார்த்தான், மடியைப் பார்த்தான். பசுக்களையும் கிடாரிகளையும் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுக்கினான்.

"துப்பாக்கிக்கு இது சரியாப் போச்சு."

"தோட்டா?"

"அது தனி."

"தோட்டா இல்லாம இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"மாடு மேய்க்கலாம்."

மிச்சமிருந்தது கன்றுகளும் செவலையும்தான். தோட்டாவுக்கு அவையும் போயின. செவலையின் கழுத்து மணியைக் கழற்றும்போது எக்கிருவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் காளைக்குப் பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடியவன் அவன். ஆனால் அந்தக் கொள்ளைக் கூட்டம் வந்தால் செவலையும் போகும், லொக்குவாமுக்கு ஆனதுதான் தனக்கும் ஆகும். வீட்டில் சின்னஞ்சிறு பிள்ளைகள் இருக்கின்றன.

தவிர, அவன் மனதில் ஒரு கணக்கு இருந்தது. சேக்காளி வாய்விட்டு ஒரு கிடாரி கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. சொன்னால் நட்பு அன்றோடு முறிந்தது. லொபேயோக்கின் பட்டியிலிருந்து ஒரே ஒரு கிடாரி வந்தால் போதும். அது ஈன்று பெருகிவிடும், பிள்ளைகள் பட்டினி கிடக்காது. காவலுக்குத்தான் துப்பாக்கி இருக்கிறதே.

மணியை இடுப்பில் செருகிக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு சாயங்காலமே கிளம்பிவிட்டான். லொபேயோக் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். எக்கிருவைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது; தோளில் தொங்கியதைக் கண்டதும் அப்படியே வாடிவிட்டது. பொறாமை போலிருக்கிறது என்று எக்கிரு நினைத்துக்கொண்டான்.

"வாங்கியே போட்டியா! மாடுங்க?"

"கொடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அதனாலதான் உங்கிட்ட வந்தேன். எனக்கு ஒரு கிடாரி வேணும், மயிலையப்பா. எதுன்னு நீயே பாத்துக் கொடு."

லொபேயோக் எழுந்தான். துப்பாக்கிக் குழலாலேயே வாசல் முள்ளை ஒதுக்கினான். "நீயே உள்ள போயிப் பாரு."

எக்கிரு உள்ளே போனான். காய்ந்து மண்ணாகிப்போன சாணத்தின் மேல் புல் முளைத்திருந்தது. ஓரத்து முள்ளில் மயிலையின் கழுத்து மணி மட்டும் தொங்கியது.

"மயிலை எங்கய்யா போச்சு?" என்றான் எக்கிரு.

"உன் செவலை போன இடத்துக்குத்தான்."