ஜன்னலுக்கு உள்ளே ஓர் அதிகாரி

மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போய்வர ருக்குமணிக்கு விசா வேண்டும். நேர்காணலுக்கு அவளைப் பழக்க, அவள் கணவர் சென்னியப்பன் சமையலறை ஜன்னலுக்கு உள்ளே நாற்காலி போட்டு அதிகாரியாக உட்கார்ந்தார். அவள் வெளியே, துணிக்கொடிக்குக் கீழே நின்றாள். கல்யாணமாகி முதல் தடவையாக அவளிடம் ‘நீங்க’ போட்டுப் பேசினார்.

“எதுக்குப் போறீங்க?”

“பொண்ணுக்குப் பிரசவமுங்க.”

“எங்க தங்குவீங்க?”

“அவ வீட்டுலதானுங்க.”

“திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்பறது?”

அதுவரை டக்டக்கென்று பதில் சொன்னவள், கம்பிகளுக்கு நடுவே தெரிந்த அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கொடியில் காய்ந்த அவருடைய வேட்டியை எடுத்து மடித்தாள்.

அன்றிலிருந்து தினமும் அவர் அந்தக் கேள்வியை மட்டும்தான் கேட்டார். அவளும் தினமும் எதையாவது மடித்தாள்.

நேர்காணலன்று விசா அலுவலகத்துக்கு உள்ளே அவரை விடவில்லை. எதிர் நடைபாதையில், மரத்தடியில் காத்துக்கொண்டு நின்றார். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“கெடச்சிருச்சுங்க.”

“அந்தக் கேள்வியக் கேட்டாங்களா?”

“ஆபீசரு கேட்டாருங்க. ஊட்டுக்காரர் இங்க இருக்காரு, அவர உட்டுட்டு நான் எங்க போவேன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“அவரு நம்பிட்டாருங்க.”