கெட்டிலுக்கு ஒரு பிளக்

"பிளக் பாயின்ட் என் சைக்கிள் பக்கத்துலதான் வரணும்டா கெதின்," என்றான் எம்லின்.

"சைக்கிளுக்கு எதுக்குடா கரண்டு?"

"டீ கெட்டிலுக்குடா மடையா!"

வேல்ஸ் மழையில் ஒரு மாதமாக என் பழைய வேனை, உள்ளேயே படுத்துத் தூங்கும் கேம்பர் வேனாக மாற்றிக்கொண்டிருந்தோம். கட்டிலுக்கு அடியில் எங்கள் இரண்டு சைக்கிள்களும் நிற்கும். முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை வேன் தரையோடு முடுக்கிவிட்டால் எந்த மலைப்பாதையிலும் அசையாது.

முப்பது வருஷமாகச் சைக்கிளில் மலையேறும்போது நான்தான் முந்திக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக அவன் விசிலடித்துக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிறான். "வயசாயிடுச்சுடா, டாக்டரைப் பாரு," என்றான். பார்த்தேன். இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன மாதம் எங்கள் சைக்கிள் கிளப்பின் கேப்டன் பதவியையும் எம்லினிடமே விட்டுக்கொடுத்தேன்.

இன்று அவன் ஸ்க்ரூ வாங்கப் போயிருந்தான். யாரையும் தொடவிடாத அவன் சைக்கிளை நானே வேனில் ஏற்றினேன். இடுப்பே விட்டுப்போனது. அவ்வளவு கனம். பெடலுக்கு மேலே ஒரு ரப்பர் மூடி. திறந்தால், உள்ளே ஒளித்துவைத்த மோட்டாருக்குச் சார்ஜ் ஏற்றும் துளை.

"பிளக் போட்டாச்சா?" என்று வந்து நின்றான்.

"போட்டாச்சு கேப்டன். ரெண்டு வருஷமா என்னைத் தோக்கடிச்ச கெட்டிலை நீயே வந்து சொருகு."