சிவப்புத் தட்டு

"சார், என் பெண்டாட்டியை அந்த மேஜையை விட்டு மாத்துங்க. இல்லேன்னா என்னை வேற ஊருக்கு அனுப்பிடுங்க!"

எங்கள் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வளைக்கும் பிரஸ் மெஷினை ஓட்டும் பிரஸ்காரர், கதவைக்கூடத் தட்டாமல் என் அறைக்குள் வந்து நின்றார். கையில் ஒரு தட்டு. தட்டு நிறைய லிங்க். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்புப் புள்ளி.

நாங்கள் செய்வது துப்பாக்கியும் இல்லை, தோட்டாவும் இல்லை. ராணுவத்தின் மெஷின் கன்னுக்குள் தோட்டாக்கள் மாலை மாதிரி போகுமே, அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பிடிக்கும் சின்ன இரும்பு வளையம்தான் லிங்க். பிடி தளர்ந்தால் தோட்டா விழுந்துவிடும். இறுகிப்போனால் துப்பாக்கி நடுவில் மக்கர் பண்ணும். அப்புறம் அதைப் பிடித்திருக்கும் சிப்பாயின் கதி அதோகதிதான்.

அதனால் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் மாதிரித் தட்டு எடுத்து, லிங்க்கை டம்மித் தோட்டாவில் மாட்டி இழுத்துப் பார்ப்போம். தேறாததற்குச் சிவப்புப் புள்ளி. பார்ப்பவர் பிரஸ்காரரின் மனைவி. மயிரிழை குறை இருந்தாலும் தப்பாது என்பதால் அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் கண்கொத்தி.

"ரெண்டாவது தட்டு சார் இது! இன்னொண்ணு சிவப்பானா என்னை மெஷினை விட்டு இறக்கி பேக்கிங்ல போட்டுடுவீங்க. பெட்டி ஒட்டவா சார் நான் இத்தனை வருஷம் பிரஸ் ஓட்டினேன்?"

"வீட்டுல ஏதாவது சண்டையா?"

"அதான் சார் எனக்கே புரியல! போன மாசம் சாப்பாட்டுல உப்பு கம்மின்னேன். அதுக்கு மன்னிப்புக் கேட்டாச்சு. அவ தங்கச்சி வந்தப்போ முகம் குடுத்துப் பேசல. அதுக்கும் கேட்டாச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு செய்யாத தப்புக்கெல்லாம் சேர்த்துக் கேட்டுட்டேன். 'ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க'ங்கறா சார். அதுதான் எனக்குப் பயமா இருக்கு!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை வேலைக்கு அனுப்பிவிட்டு, தட்டிலிருந்து ஒரு லிங்க்கை எடுத்து நானே இழுத்துப் பார்த்தேன்.

நன்றாகத்தான் இருந்தது.

அடுத்ததை எடுத்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இழுக்கும் கருவியில் கோளாறு போலிருக்கிறது என்று வேறு கருவி வரவழைத்தேன். மறுபடியும் அதே கதை. சரி, கோளாறு எனக்குத்தான் என்று பக்கத்து அறை ஆளைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னேன்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். இதுக்கு எதுக்கு சிவப்பு?" என்றார் அவர்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கண்கொத்திக்குக் கை தவறுமா? ஒன்று தவறலாம், இரண்டு தவறலாம். ஒரு தட்டு முழுக்கவா? அப்படியானால் வேண்டுமென்றே செய்ததா? வீட்டுச் சண்டையை வீட்டோடு வைத்துக்கொள்ள மாட்டார்களா இவர்கள்? கோபம் தலைக்கேற, விறுவிறுவென்று பரிசோதனை மேஜைக்குப் போனேன்.

அங்கே மூன்றாவது தட்டில் பாதி சிவப்பாகியிருந்தது.

"நிறுத்துங்கம்மா!" தட்டை என் பக்கம் இழுத்தேன். "இது நல்ல லிங்க்தானே?"

"ஆமா சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மழுப்புவார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்போ போன ரெண்டு தட்டும்?"

"எல்லாமே நல்லதுதான் சார். அவர் வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"தெரிஞ்சேவா சிவப்பு வெச்சீங்க? ராணுவத்துக்குப் போற சாமான்மா இது! இதுல போய் விளையாடலாமா?"

"கெட்டதை நல்லதுன்னு அனுப்பினாத்தான் சார் யாராவது சாவாங்க. நல்லதைக் கெட்டதுன்னா கொஞ்சம் இரும்புதான் வீண்."

அது நியாயமாகத்தான் பட்டது. அதனாலேயே குரலை உயர்த்தினேன்.

"கட்டின புருஷன் வேலைக்கு நீங்களே உலை வைக்கறீங்களே, மனசாட்சி இருக்கா?"

"வேலைக்கு இல்ல சார், அந்த மெஷினுக்குத்தான். மூணு தட்டு சிவப்பானா பேக்கிங்குக்கு மாத்துவீங்க. வீட்டுக்கு அனுப்ப மாட்டீங்கல்ல?"

"மாட்டோம். ஆனா..." எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அவரை மாத்தணும்னா நேரா என்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா காரணம் கேப்பீங்க. காரணம் தெரிஞ்சா கம்பெனி டாக்டர்கிட்ட அனுப்பியே ஆகணும். அந்த டாக்டர் இவரை வேலைக்கே லாயக்கில்லைன்னுட்டா? வைத்தியம் நான் வெளியில பாத்துக்கறேன் சார். அதுவரைக்கும் அவர் பெட்டி ஒட்டட்டும்."

"டாக்டரா? ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருக்காரேம்மா!"

கண்கொத்தி கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தார். அங்கே பிரஸ்காரர் இடது கையால் தகட்டை அச்சுக்குள் வைப்பதும், காலால் பெடலை மிதிப்பதுமாக இருந்தார். மேலிருந்து அச்சு 'டங்' என்று இறங்கி ஏறியது. ஒவ்வொரு 'டங்'குக்கும் அந்தம்மாவின் தோள் ஒரு தடவை குலுங்கியது.

"முந்தாநாள் ராத்திரி அடுப்புலேருந்து பாத்திரத்தை வெறும் இடது கையால இறக்கி வெச்சார் சார். கொதிக்கிற பாத்திரம். ஒரு 'உஸ்'கூட இல்ல. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். 'இது எப்படி வந்துச்சு?'ன்னு என்னையே கேக்கறார்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த பிரஸ் விரலைத் துண்டா எடுத்தாக்கூட, ரத்தத்தைப் பாத்துத்தான் சார் அவருக்குத் தெரியும்."