இரண்டு முழ ஒயர்

கோவை மாநகரப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நூற்பாலையில் பொது மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆர்.எஸ்.புரம் சீனிவாசலு, ஒரே பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டரை அடைக்கத் தீர்மானித்துவிட்டார்.

இந்தச் சரித்திரச் செய்தியை முதலில் கேட்கும் பாக்கியம், காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இல்யாஸுக்கு வாய்த்தது. அவன் வாயில் அப்போது பாதி பன் இருந்தது.

"பெட்டி ஒண்ணுதான். ஆனா மானிட்டர், கீபோர்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் ரெண்டு ரெண்டு. நானும் எம்பையனும் ஒரே நேரத்துல உக்கார்றாப்பல இருக்கோணும். விர்ச்சுவல் மெஷின்... கேள்விப்பட்டிருப்பீங்களே பாய்?"

இல்யாஸ் பன்னை விழுங்கினான். "உள்ளயே ரெண்டு கம்ப்யூட்டராப் பிரிச்சு, ஆளுக்கொரு கார்டை நேராக் குடுக்கறதுதானுங்களே? செய்யலாங்க. ஆனா ரெண்டு பழைய பெட்டியா வாங்கிப்போட்டீங்கன்னா செலவும் கம்மி, தலவலியும் இல்லீங்க."

"மின்சாரச் சிக்கனம்னு ஒண்ணு இருக்குதுங்க" என்றார் சீனிவாசலு. மில்லில் ஆண்டறிக்கை வாசித்த அதே குரல். "நாட்டு வளத்தைப் பத்தி யாராச்சும் ஒருத்தர் யோசிக்கோணுமில்லீங்களா?"

சொல்லிவிட்டு, கடை ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

"தம்பி என்ன பண்றாருங்க?"

"சாய்சரணா? அமெரிக்கக் கம்பெனிங்க. அனிமேஷன்ல பெரிய ஆளு. அவங்களுக்கு விடிஞ்சாத்தான் இவனுக்கு விடியும். நான் படுக்கறப்ப அவன் முழிப்பான், நான் முழிக்கறப்ப அவன் படுப்பான்." பெருமை அதோடு தீர்ந்துபோனது. "எங்க ஊட்டுல பேச்சுச் சத்தம்னா அது டிவிதானுங்க."

இல்யாஸுக்கு விளங்கிவிட்டது. பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு, அவன் முகத்தைத் தெளிவாகப் பார்க்க ஒரு கேமரா கேட்டு வரும் அப்பாக்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். இவர் கொஞ்சம் பெரிய பட்ஜெட், அவ்வளவுதான்.

சீனிவாசலுவின் செல்போன் டிங் என்றது. அவர் அவசரமாகக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். முகத்தில் டியூப்லைட் எரிந்தது.

"பையன்தானுங்க. 'கரண்ட் எப்ப வரும்?'னு கேக்கறான்."

அத்தனை வேலைக்கு நடுவிலும் அப்பா வீட்டுக் கரண்ட்டுக்காகக் கவலைப்படும் பிள்ளை! கோட்டைமேட்டில் இல்யாஸ் வீட்டுக் கூடத்தில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நடக்க முடியாது. அங்கே யாரும் யாரைப் பற்றியும் இப்படி விசாரித்ததாக அவனுக்கு நினைவில்லை. மனசு இளகியது.

"சரிங்க, செஞ்சு போடலாம். சூட்சுமம் மதர்போர்டுலதானுங்க இருக்குது. விலை கம்மியான போர்டுல ரெண்டு கார்டையும் ஒரே கொத்தாக் கட்டி வெச்சிருப்பான். ஒண்ணை மட்டும் தனியா உருவ முடியாது. ஒரு ஆபீஸ்ல இருந்து கழிச்சுப்போட்ட பழைய ஒர்க்ஸ்டேஷன் எங்கிட்ட இருக்குது. அது பாக்கத்தான் கிழடு, ஆனா அழகாப் பிரிச்சுக் குடுக்கும். கார்டையும் செகண்ட்ஹேண்டுலயே பாத்துக்கலாம். லீவுல வந்து உக்கார்ற தம்பிக்கு சின்னக் கார்டே போதுமுங்களே?"

"ஐயையோ! அவனுதுதானுங்க பெருசா இருக்கோணும். எனக்கு ப்ளேன் ஓட்டற கேம் ஓடினாப் போதும்." சீனிவாசலு குரலைத் தாழ்த்தினார். "அவனுக்குப் பிடிக்கலீன்னா, நாளைக்கே ஆன்லைன்ல ஆளுக்கொரு பெட்டி ஆர்டர் போட்டுருவேங்கறான். அப்புறம் இதப் பத்தி நான் இத்தன படிச்சதெல்லாம் வீணுங்க."

ஆண்டறிக்கைக் குரல் லேசாக நொண்டியது. இல்யாஸ் ஒரு நீள ஒயர்ச் சுருளைக் கையில் எடுத்து, ஆறுதலாக ஒரு யோசனை சொன்னான்.

"கவலைப்படாதீங்க. பெட்டி உங்க ஹால்லயே இருக்கட்டும். நீள ஒயரா தர்றேன். தம்பி அவரு ரூம்லயே மானிட்டரை வெச்சுக்கலாம்."

"வேண்டாம்!"

பக்கத்தில் மவுஸ் பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். சீனிவாசலு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒயரு ரெண்டு முழத்துக்கு மேல கூடாதுங்க. நீளம் போனா சிக்னல் தேஞ்சுபோகும்."

"அம்பதடிக்கும் தேயாத ஒயரு இருக்குதுங்க."

"ரெண்டு முழமுங்க பாய்." இது உத்தரவு மாதிரி இல்லை.

இல்யாஸ் ஒயரைக் கீழே வைத்தான். "பக்கத்துப் பக்கத்துலயே உக்காரோணுங்களா?"

"அவன் எங்கூடப் பேசக்கூட வேண்டாங்க. ஹெட்போனை மாட்டிட்டு அவம்பாட்டுக்கு அவன் வேலையப் பாக்கட்டும். நான் சத்தமில்லாம ப்ளேன் ஓட்டிக்கறேன். பக்கத்து நாற்காலியில ஆள் இருந்தாப் போதுமுங்க."

மின்சாரச் சிக்கனம், நாட்டு வளம் இரண்டும் கடை வாசலிலேயே இறங்கிக்கொண்டன. இல்யாஸ் இரண்டு முழ ஒயர்களாகப் பார்த்து எடுத்து வைத்தான்.

"லாபமே வேண்டாங்க சார், நானே ஊட்டுக்கு வந்து மாட்டித் தர்றேன். தம்பி என்னைக்குங்க அமெரிக்காவுல இருந்து வாராரு? ஏர்போர்ட்டுல இருந்து நீங்க கூட்டிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கும்."

 சீனிவாசலு கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"மாடியிலதானுங்க இருக்கான்."