மேலிருந்து கீழ் நாலு

ஜூலை 9. ஏழாவது கேள்வியில் பிழை விட்டுவிட்டேன். அவர் கண்டுபிடித்துவிட்டார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு இர்ஷானா பேனையை மூடினாள். மாலை வகுப்பில் கணக்கீடு படிப்பிக்கும் ஸாதியா டீச்சர் பழக்கிவிட்ட வழக்கம் அது: அன்றைய பிழை ஒன்று, நாளைய வேலை ஒன்று. பிழையை எழுதியாயிற்று. நாளைக்கு வேலை இருக்குமா என்பதுதான் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து ஏறாவூர் வீட்டுக்குள் அவள் கால் வைத்ததும் கட்டாரிலிருந்து கணவன் றம்ஸீன் போன் எடுத்திருந்தான்.

"என்ன புள்ள, இண்டைக்குப் பேப்பர்காரன் என்ன கேக்கான்?"

அவள் தாளை மடியில் விரித்தாள். "இடமிருந்து வலம் ஏழு. வாவியில பிடிபடுற மீன். நாலு எழுத்து."

"இதெல்லாம் ஒரு கேள்வியா? செப்பலி." அவன் குரல் இளகியது. "உங்கட உம்மா ஆக்கின செப்பலி ஆணம் இன்னும் நாக்குல நிக்கி. இங்க றூமுல றிஷாட் ஆக்குறானே, மீனா ரப்பரா எண்டு தெரியா."

"பாவம், அவர் ஆக்கித் தாறாரே. நீங்க ஒரு நாளைக்கு ஆக்கிப் பாருங்களன்."

"நான் ஆக்கினா மறுகா றூமுல ஒருத்தரும் மிஞ்சமாட்டாங்க!"

இர்ஷானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்புக்காகத்தான் பகல் முழுவதும் காத்திருப்பாள்.

கலியாணம் முடிந்து இரண்டு மாதம் ஆகுமுன்னே விமானம் ஏறியவன் அவன். முகம் பழகுமுன் குரலாகிப் போனான். முதலில் எல்லாம் பேச்சே வராது. "சாப்பிட்டயா?" "ஓம். நீங்க?" "ஓம். மறுகா?" "மறுகா ஒண்டுமில்ல." அதன் பிறகு இருவரும் அவனுடைய அறை மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். ஒரு நாள் என்ன பேசுவதென்று தெரியாமல், பேப்பரில் கண்ணில் பட்ட குறுக்கெழுத்துக் கேள்வி ஒன்றை வாசித்தாள். அன்றைக்கு அவன் போனை வைக்கவே இல்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தன் பள்ளிக்கூடம், ஓட்டமாவடிப் பாலம், சின்ன வயதில் கல்குடாக் கடலில் மூழ்கப் போனது என்று எங்கெங்கோ போய் வந்தான். அன்றிலிருந்து அவள் கேள்வி வாசிக்காத நாளில்லை.

"மறுகா?" என்றான் றம்ஸீன்.

அடுத்த கேள்வியில் விரலை வைத்தாள். "மேலிருந்து கீழ் நாலு. தூரத்தில் இருப்பவர் ஊர் வருவதற்குக் கேட்பது. நாலு எழுத்து."

மறுமுனையில் யாரோ சட்டி கழுவும் ஒலி மட்டும் கேட்டது.

"விடுமுறை" என்றான் கடைசியில். உடனேயே, "இல்லையே, பொருந்தல்லயே" என்றான்.

"ஏன்?"

"நீ கட்டத்தச் சொல்லச் சொல்ல நானும் இங்க கீறி வெச்சிரிக்கன். ரெண்டும் மூணாவது கட்டத்துல வெட்டுது. செப்பலிக்கு அங்க 'ப' வரணும், விடுமுறைக்கு 'மு' வரணும். ஒரு கட்டத்துல எப்பிடிப் புள்ள ரெண்டு எழுத்து நிக்கும்?"

இர்ஷானா தாளைப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். "பேப்பர்காரன்ட பிழையா இரிக்கும் மச்சான்."

"பேப்பர்காரன் அப்பிடி விடமாட்டான். போட்டோ ஒண்டு எடுத்து அனுப்பு, பாப்பம்."

"ஏலா மச்சான். உம்மா அந்தப் பேப்பருல மீன் சுத்திட்டா."

"அப்ப இவ்வளவு நேரமும் மீனையா வாசிச்சாய்?"

அவன் சிரிப்பான் என்று பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சரி, டியூட்டி பஸ் வந்திட்டு. வெக்கிறன்."

நாளைக்கு எடுக்கிறன் என்று சொல்லாமல் அவன் வைத்தது இதுதான் முதல் தடவை.

அதன் பிறகுதான் கொப்பியை எடுத்துப் பிழையை எழுதினாள். எழுதியதைத் திரும்ப வாசித்தாள். மெதுவாகச் செய்திருக்கலாம். ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம். இனி அவன் எடுத்தாலும், "சாப்பிட்டயா", "ஓம்" என்பதோடு முடிந்துவிடும். வாவிப் பக்கமிருந்து வந்த காற்றில் தாள் பறக்கப் பார்த்தது. அதை எடுத்து நாலாக மடித்தாள்.

உம்மா அடுப்படியிலிருந்து, "என்னகா, மருமகன் இண்டைக்கு வெள்ளனயே வெச்சிட்டாரா?" என்றார்.

"பஸ் வந்திட்டாம் உம்மா."

போன் ஒரு தடவை அதிர்ந்தது. றம்ஸீன் எழுதியிருந்தான்.

"புள்ள, பஸ் இன்னும் வரல்ல. லீவு கேட்டனான், இந்த வருஷம் இல்லையாம். நீ அந்தக் கேள்வியக் கேட்டதும் சொல்ல வாய் வரல்ல. போட்டோ கேட்டது கதைய மாத்தத்தான். நீ அனுப்பமாட்டாய் எண்டு தெரியும். அந்தப் பேப்பர நானும் இங்க நெட்டுல பாக்குறனான், குறுக்கெழுத்த நோன்போட நிப்பாட்டிட்டாங்க. அதுக்குப் பிறகு வந்த கேள்வியெல்லாம் நீயா இருந்து போட்டது எண்டு முதல் நாளே விளங்கிட்டு. நீ கீறுற கட்டம் சின்னன், காணா புள்ள, கெதியா முடிஞ்சி போகுது."

இர்ஷானா போனைக் கீழே வைத்தாள். பிறகு கொப்பியைத் திறந்து, பிழைக்குக் கீழே எழுதினாள்:

நாளை: பதினைந்துக்குப் பதினைந்து கட்டம் கீற வேண்டும்.