தாய் வேடத்துக்கு ஆள் தேவை

ஒஹாயோவில் செனட் தேர்தல். வேட்பாளர் ராய்ஸ் வெர்னிக் வறுமையில் வளர்ந்த கதையை விளம்பரப் படமாக எடுக்க, தாய் வேடத்துக்கு உள்ளூரிலேயே வயதான பெண்களை வரவழைத்திருந்தான் டைரக்டர் ட்ரெவர்.

"அடுத்தவங்க வாங்க!"

முத்துமாலையும் நல்ல கோட்டுமாக வந்து நின்றாள் எதெல்.

"நடிச்ச பழக்கம் உண்டாம்மா?"

"நடிச்சதே இல்ல. பேப்பர்ல பார்த்தேன், வந்தேன்."

"மாலையைக் கழட்டிடுங்க. நீங்க பரம ஏழை. இதைப் படிங்க."

எதெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "'என் புருஷன் குடிகாரன். பிள்ளையைப் பட்டினி போட்டுட்டு ஓடிப்போயிட்டான்...' எந்தப் படுபாவி எழுதினது இது?"

"வெர்னிக் சாரே சொன்னது."

"அவன் வாயாலயா?"

"மரியாதையாப் பேசுங்கம்மா. இந்த இடத்துலதான் ஜனங்க அழுவாங்க. ஓட்டு கொட்டும்."

"அவங்க அப்பா காதுல விழுந்தா?"

"அவர் செத்துப் பல வருஷம் ஆச்சாம். யாரு வந்து கேட்கப் போறா?"

"தூ! வெட்கமா இல்ல?"

"நடிக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா? கிளம்புங்க. அடுத்தவங்க!"

அடுத்து வந்தவள் முதல் வரியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். ட்ரெவர் கைதட்டினான்.

"இவங்கதான் அம்மா!"

வாசல்வரை போன எதெல் திரும்பினாள்.

"தம்பி, உங்க வேட்பாளர்கிட்ட சொல்லிடு. இனிமே என் வீட்டு வாசப்படியை அவன் மிதிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் சாப்பாட்டுக்கு இந்தம்மா வீட்டுக்கே போயிடச் சொல்லு."